பின்சக்கரத்துக் கட்டை

வச்சாச்சு என்று சொல்லிவிட்டேன், என் புருஷனுக்கு அது போதும், பின்பக்கம் போய் மூடியைத் தூக்கிக் குனிந்துவிட்டார், இனி எஞ்சினும் அவரும் பேசிக்கொள்வார்கள், நான் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் வழிகிற பனியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்... பெரகலச் சந்திக் கடைகளின் விளக்குகள் கீழே மங்கலாகத் தெரிகின்றன, மேலே அப்புத்தளை இருக்கிற இடமே தெரியவில்லை. வெல்லவாயாவில் கிளம்பும்போது மண்டையைப் பிளக்கிற வெயில், கொஸ்லந்தை வந்ததும் தூறல், இந்த ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் எஞ்சின் சூடாகி ரப்பர் கருகுகிற மாதிரி மணக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் ஆறட்டும் என்று ஓரங்கட்டினார். கைப்பிரேக் பிடிக்காது. ஐம்பது வருஷத்து வேன், கப்பலில் வந்த வேன், நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய வேன் என்று பதுளை பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், ஆனால் ஏற்றத்தில் நிறுத்தினால் நிற்காது. அதற்காகத்தான் நான். வண்டி ஓரங்கட்டியதும் என் சீட்டுக்குக் கீழே கிடக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் அதைத் திணித்துவிட்டு, வச்சாச்சு என்று கத்த வேண்டும், அதற்கு அப்புறம்தான் வண்டியைக் கியரில் போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். கியரையும் நம்ப முடியாது, சில நேரம் தன்னாலே கழன்றுகொள்ளும். போன மாசம் தெமோதரையில் நான் இறங்குவதற்குள் வண்டி பின்னால் உருண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வந்த ஆட்டோக்காரன் பாண் பெட்டியோடு வேலிக்குள் பாய்ந்து தப்பினான். அன்றைக்கு எனக்குத்தான் ஏச்சு. கட்டை வைக்கக்கூடத் தெரியலையா உனக்கு?

கட்டைக்குக்கூட வார்னிஷ் அடித்திருக்கிறார் மனுஷன். உள்ளே அலுமாரி செய்தபோது மிஞ்சிய பலாத்துண்டு, அதை மூன்று மூலையாக அறுத்து, இழைத்து, பிடிக்கக் கயிறு கட்டி, அலுமாரியின் நிறத்துக்கே வார்னிஷ் அடித்து என் கையில் கொடுத்தார், இது உன்னோட டிப்பார்ட்மென்ட் என்று சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அறுகம்பையில் ஒரு வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வண்டி, அவர் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது, முந்திரி மரத்தடியில் கடல் காற்றைக் குடித்துக்கொண்டு கிடந்தது. இவர் போனில் படம் பார்த்தார். படத்தில் மேல்பக்கம்தான் தெரியும். அடிப்பக்கத்தை யார் படம் எடுத்துப் போடுவார்கள்? கொண்டுவந்து இறக்கி, கராஜில் ரிப்பேர் செய்கிற பாஸ் அடியில் ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்த்தபோது அது அப்பளம் மாதிரி உள்ளே போனது. வாங்கின காசு வெறும் வாசல் காசு என்று அப்போதுதான் தெரிந்தது. அடித்தகடு, அதற்கப்புறம் எஞ்சினுக்கு உள்ளே என்னென்னவோ, ஜன்னல் ரப்பர் இங்கிலாந்திலிருந்து, கண்ணாடி இங்கிலாந்திலிருந்து, கூரையைத் தூக்கினால் விரிகிற கான்வாஸ் அதுவும் அங்கிருந்துதான், ஒவ்வொரு பார்சலும் வந்து இறங்கும்போது அதன் விலைக்கு மேலே ஒரு வரி. இங்கே கிடைக்கிற ரப்பர் போட்டால் என்ன என்று கேட்டேன். கோயில் சிலைக்கு பிளாஸ்டிக் கண் வைப்பாயா என்று கேட்டார். கைப்பிரேக் கேபிள் மட்டும் வரவே இல்லை. மூன்று தரம் ஆர்டர் போட்டு மூன்று தரமும் வேறு மாடலுக்கு உரியதை அனுப்பினார்களாம்... தேநீர் கோப்பை வைக்க மரத்தில் வட்டம் வெட்டிய தட்டு உண்டு, படுக்கையில் படுத்துக்கொண்டே படிக்கக் குட்டி விளக்கு உண்டு, நிறுத்தினால் நிற்பதற்குத்தான் வழியில்லை.

பெயின்ட் அடிக்க வெல்லவாயாவுக்குக் கொண்டுபோனது இது மூன்றாம் தடவை. பதுளையில் அடித்தால் ஈரத்தில் காயாமல் கொப்புளம் போடுகிறதாம், கீழே காய்ச்சல் வெயிலில்தான் பெயின்ட் கண்ணாடி மாதிரி நிற்குமாம். பெயின்டுக்குக்கூட நல்ல காற்றும் வெயிலும் தேடிக் கொடுக்கிறார். என் அம்மாவுக்கு? அம்மாவின் காசில்தான் அந்தப் பெயின்ட். மேலே அந்தப் பனிக்குள் எங்கேயோதான் அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டம் இருக்கிறது, அப்புத்தளைக்குப் போகும் முன்னாலேயே வலது பக்கம் பிரிகிற ரோட்டில், வரிசை வரிசையாக நிற்கிற லயங்களில் மூன்றாம் லயம், கடைசிக் காம்பரா, ஒரே அறை. அங்கே பிறந்து, அங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டிய நாளிலிருந்து கழற்றிய நாள் வரைக்கும் கொழுந்து பறித்ததற்கு அரசாங்கம் சேர்த்து வைத்துக் கொடுத்த ஈ.பி.எஃப். காசு. அந்தக் காசுக்கு ஒரு வேலை இருந்தது. தோட்டத்தில் வீடு கட்டிக்கொள்ள ஏழு பேர்ச் காணி கொடுத்திருக்கிறார்கள், மேட்டில், கல் பூமி, சரியாத இடம். அத்திவாரம் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது அம்மா. அந்த நேரம் பார்த்து இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர்களுடைய துணிக்கடையிலிருந்து எடுத்தால் அவர் அப்பா பார்த்துவிடுவார், மாமா சிதம்பரநாதன் பெட்டகச் சாவியை இடுப்பு வெள்ளி அரைஞாணில் கட்டிக்கொண்டு குளிக்கிற மனுஷன். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது, கேட்டிருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும். அம்மா தானாகவே கொண்டுவந்து கொடுத்தது.

ஏன் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தவள் நான், கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் அவர். கட்டிக்கொண்டபோது மாமியார் அன்னலட்சுமி மூன்று மாசம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பேசினால் சுவரைப் பார்த்துப் பேசுவார். எங்கள் அம்மா என்னைப் பார்க்க வந்தால் கடை முன்வாசலால் வராது. யாரும் வராதே என்று சொன்னதில்லை, அது தானாகவே பின்பக்க ஒழுங்கையால் வந்து, கிணற்றடியில் நின்று, நான் கொண்டுபோய்க் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகும். அந்தக் காசைக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் மாமியார், உள்ள வாங்க சம்பந்தி, வந்து உக்காருங்க என்றார். சாப்பாட்டு மேசையில், நாற்காலியில். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த விதம்... பஸ்ஸில் இறங்கப்போகிறவர்கள் உட்காருகிற மாதிரி. வழியனுப்பப் போனபோது பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, இனி ஒன்ன யாரும் ஒரு சொல்லு சொல்ல ஏலாது புள்ள. முழு ஆயுசு உழைப்பையும் கொடுத்து எனக்கு மரியாதை வாங்கியதாக அது நினைத்துக்கொண்டது. அந்த மரியாதை ஒரு தைப்பொங்கல் வரைக்கும் தாங்கியது. அடுத்த பார்சலுக்குக் காசு தேவைப்பட்டபோது மாமியார் திரும்பவும் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா திரும்பவும் ஒழுங்கையால் வருகிறது.

பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம், வண்டி லேசாக ஆடுகிறது, என் முதுகுக்குப் பின்னால் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. திரும்பிப் பார்த்தால் ஒரு முழு வீடு. மடக்கினால் சோபா, விரித்தால் படுக்கை. நான் தைத்த ஜன்னல் திரை, மஞ்சள் பூப் போட்டது. சின்னக் காஸ் அடுப்பு. கையலம்ப ஒரு குட்டித் தொட்டி, அதற்கு ஒரு குட்டிப் பைப், திறந்தால் தண்ணீர் வரும். அம்மாவின் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு பைப், அதிலும் விடிவதற்கு முன்னால் வரிசையில் குடத்தை வைத்தால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை பூட்டியிருந்தபோது, பின் முற்றத்தில் நின்ற வண்டியின் கூரையைத் தூக்கிவிட்டு இரண்டு பேரும் உள்ளே படுத்திருந்தோம். கான்வாஸில் மழை விழுந்தது. பாசிக்குடா, மன்னார், தீவுப்பக்கம் எல்லாம் போவோம் நிரு என்றார், பள்ளிக்கூடத்தால வந்து அந்தக் கல்லாவில உக்காந்தவன்தான், நான் எங்கயுமே போனதில்ல என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பாசம் இருக்கிறதே... அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது. கெட்ட மனுஷனாக இருந்தால் பரவாயில்லை. குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார், என் பிறந்த நாளை மறக்கமாட்டார். நல்ல மனுஷன்தான் என் அம்மாவின் வீட்டை இப்படி நட்டுநட்டாகக் கழற்றி வண்டியில் பூட்டிவிட்டார்.

இன்றைக்குக் காலையில் கராஜில் சொன்னாரே, அதைச் சொன்ன முகத்தைத்தான் மறக்க முடியவில்லை. அப்புத்தளையில் தங்குமிடம் நடத்துகிற ஷுக்ரி வண்டியைப் பார்க்கக் கேட்டிருந்தார், அதற்குத்தான் இப்போது போகிறோம், வாடகைக்கு எடுத்து வெள்ளைக்காரர்களை ஏற்றுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷுக்ரிக்கு வண்டி ஓடத் தேவையில்லையாம். விலைக்கே வாங்கிக்கொள்கிறாராம். பள்ளத்தாக்குத் தெரிகிற விளிம்பில் நாலு கல் வைத்து அதன் மேல் தூக்கி நிறுத்தி, படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு அறையாக விடுவாராம். நல்ல விலை. செலவழித்ததெல்லாம் வராது, ஆனால் அம்மாவின் வீடு கூரை வரைக்கும் எழும்பும், அதற்கு மேலேயும் கொஞ்சம் மிஞ்சும். இன்றைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார், இல்லாவிட்டால் பழைய பஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். இதையெல்லாம் இவர் ஒரு பகிடி மாதிரி பெயின்ட் பாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நிற்கிறேன். கல்லுக்கு மேல ஏத்தி வைக்கவாம்! பொணத்த நடுவீட்டில வச்ச மாதிரி! ஏலாதுன்னு நேத்தே சொல்லிட்டேன், ஓட விடறதுன்னா பேசுவோம்னேன். பாஸ் சிரித்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார், நானும் சிரிப்பேன் என்று. நேற்றே சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெயின்ட் என்ன அழகாக வந்திருக்கும் தெரியுமா என்று கதைத்த மனுஷன் இதை மட்டும் சொல்லவில்லை. என்னங்க, அம்மா லயத்துக்குப் பின்னால மலையில வெடிப்பு விட்டிருக்குன்னு தெரியும்தானே என்று கேட்டேன். தெரியும், தெரியும், வண்டி ஓட ஆரம்பிக்கட்டும், மொத ஹயர் காசு அம்மாவுக்குத்தான் என்றார். அதே வாக்கியம். இரண்டு வருஷமாக அதே வாக்கியம்.

போன் அடிக்கிறது. அம்மா. நூறாயுசு. மழையின் சத்தம்தான் முதலில் கேட்கிறது, தகரத்தில் விழுகிற சத்தம், அதற்குள்ளே அம்மாவின் குரல். புள்ள, வண்டி வந்திருச்சா, பெயின்டு நல்லா இருக்கா, மருமகன் சாப்பிட்டாரா? நல்லா இருக்கும்மா, ரோட்டுல நிக்கிறோம், ஒங்க பக்கம் மழையா? காலையில இருந்து விடலப்பா, கிராம சேவகரு வந்து, மண்ணு சரியலாம், எல்லாரும் ராத்திரிக்கு பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. போனீங்களா? போகணும், போகணும், அந்தா பாய எடுத்து வச்சிருக்கேன், கோழிய கூட்டுல அடைச்சிட்டுப் போவோம்னு இருக்கேன். அம்மா, கோழிய விடுங்க, இப்பவே போங்க. போறேன் புள்ள, போன தடவையும் போகச் சொன்னாங்க, ஒண்ணும் வரலியே... நீ ஏன் கத்துற, மருமகன் பக்கத்துல இருக்காரா? காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அத்திவாரத்தில் பாசி பிடித்து உள்ளே பாவக்காய்க் கொடி படர்ந்திருக்கிறது என்று போன தடவை நானே கண்ணால் பார்த்தேன், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நான் கத்துவது மருமகனுக்குக் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. வெடிப்பு எப்புடி இருக்கு என்று கேட்டேன். போன கெழம வெடிப்புக்குள்ள கை போச்சு, இப்ப கால் போகும் போல இருக்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் போகவில்லை. இந்தப் பக்கம் மழை என்றால் முதலில் சாவது சிக்னல்தான்.

யாரு, அத்தையா, என்று பின்னாலிருந்து சத்தம் போடுகிறார். ஆமா. என்னவாம்? மழையாம். ம், இங்கயும் வருது, இந்தா, இன்னும் அஞ்சு நிமிஷம்... அவர் தலை எங்கே இருக்கும் இப்போது? மூடிக்குள்ளே, பம்பருக்கு மேலே குனிந்து, நெஞ்சு வண்டியில் படுகிற மாதிரி. முழங்கால் இரண்டும் ரோட்டில் இருக்கும், காற்சட்டை அழுக்காகாமல் ஒரு சாக்கு விரித்திருப்பார். அவருக்குப் பின்னால் சரிவு, சரிவுக்கு அடுத்து வளைவு, வளைவில் தடுப்புச் சுவரில்லை, தேயிலை. ஏன் இதையெல்லாம் நினைக்கிறேன்? மழை வலுக்கிறது, அதனால்தான். அப்புத்தளைக்குப் போனதும் நானே ஷுக்ரியிடம் பேசினால் என்ன? விற்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள், கல்லுக்கு மேலே ஏற்றுங்கள், தலைகீழாகக்கூட நிறுத்துங்கள் என்று சொன்னால்? இவர் முன்னாலேயே சொன்னால்? சொல்லமாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். துணிக்கடையில் வேலைக்கு நின்ற பிள்ளைக்கு, முதலாளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்கிற பழக்கம் தாலி கட்டியும் போகவில்லை. தேத்தண்ணி வரும், நுனியில் உட்கார்ந்து குடிப்பேன், அம்மா உட்கார்ந்த மாதிரியே. இவர் எஞ்சினைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார். ஷுக்ரி கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வருவோம், வழியில் இன்னும் இரண்டு இடத்தில் நிற்கும், இரண்டு இடத்திலும் நான் குதித்து இறங்கிக் கட்டை வைப்பேன்... இந்த வண்டியில் எனக்கென்று உள்ளது அது ஒன்றுதானே.

மூடி அறைந்து சாத்துகிற சத்தம். சரி நிரு, ஆறிடுச்சு, நான் ஏறி பிரேக்க மிதிச்சதும் கட்டைய எடு, கெளம்புவோம் என்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் ஜன்னலைக் கடந்து முன்னால் சுற்றிப் போகிறார், முகம் முழுக்க எண்ணெய், சந்தோஷம். நான் செருப்பை மாட்டக் குனிகிறேன். என் காலுக்கடியில் கட்டை கிடக்கிறது. வார்னிஷ் பளபளக்கிறது. காய்ந்திருக்கிறது. ஒரு துளி ஈரம் இல்லை, ஒரு பொட்டு மண் இல்லை. கதவைத் திறந்தேனா? திறந்தேன், கட்டையைக் கையில் எடுத்தேன், தூறல் முகத்தில் அடித்தது, அது எல்லாம் நினைவில் இருக்கிறது. இறங்கினதுதான் நினைவில் இல்லை. வச்சாச்சு என்று நான் சொன்னது இந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. அம்மா போன் எடுத்ததில் மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லலாம், நானே நம்பலாம்... ஆனால் அம்மா எடுத்தது பிறகு. வச்சாச்சு என்று சொல்லி, மூடி திறக்கிற சத்தம் கேட்டு, அவர் குனிந்து, எவ்வளவோ நேரம் கழித்துத்தான் எடுத்தது. அப்படியானால் என்ன? அப்போது என் மனசில் என்ன இருந்தது? எனக்கே தெரியவில்லை, தெரியவில்லை என்பது உண்மையா, அதுவும் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் அவர் அங்கே முழங்காலில் இருந்தார், வண்டி ஆடியது, கோப்பைகள் இடித்தன, நான் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றிருக்கிறது. கட்டை இல்லாமலே, நம்ப முடியாத அந்தக் கியரில் நின்றிருக்கிறது.

ம், எடு, என்கிறார், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு. கட்டையைத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு இறங்குகிறேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் வரைக்கும் போகிறேன், புதுப் பெயின்டில் என் விரல் தடம் பதிகிறது. சக்கரத்துக்குப் பின்னால் வெறும் ரோடு, தண்ணீர் ஓடுகிறது. அவர் விரித்த சாக்கு அங்கேயே கிடக்கிறது, இரண்டு முழங்கால் பதிந்த குழியோடு. குனிந்து, கட்டையை ரோட்டோரச் சேற்றில் வைத்துத் தேய்க்கிறேன், ஒரு பக்கம், மறுபக்கம், வார்னிஷ் தெரியாத மாதிரி நன்றாகத் தேய்க்கிறேன். சாக்கை உதறி எடுத்துக்கொள்கிறேன். எடுத்தாச்சு என்று சொல்லும்போது என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கட்டையைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், ஐயோ, வார்னிஷ் போச்சே என்று சிரித்தார், போனாப் போகுது, அது மட்டும் இல்லேன்னா இன்னிக்கி நான் சட்னிதான் என்று என் தலையில் லேசாகத் தட்டினார். வண்டி உறுமிக்கொண்டு நகர்கிறது. கட்டையைச் சீட்டுக்குக் கீழே போடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், ஈரம் உடுப்பைத் தாண்டித் தொடையில் படுகிறது. ஷுக்ரியிடம் என்ன பேசுவது என்று ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறார், நான் ம் கொட்டுகிறேன். அப்புத்தளைக்கு இன்னும் ஒரு ஏற்றம் இருக்கிறது.